புயற்காற்றும் தட்டை நீரும்: பாய்ப்பலகை வேகச் சாதனைகளின் வரலாறு

காற்றின் விசையை மட்டுமே கொண்டு நீர்மேல் எவ்வளவு வேகமாகச் செல்ல முடியும் என்ற கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் பல கலங்கள் விடை தேடியிருக்கின்றன. அவற்றுள் மிக எளிமையானது, தமிழிலும் விண்ட்சர்ஃபிங் என்றே வழங்கும் பாய்ப்பலகையாட்டத்தின் பலகை. சுக்கான் இல்லாத ஒரு குறுகிய பலகை, எந்தப் பக்கமும் சாயக்கூடிய மூட்டில் பொருத்திய பாய்மரம், அதை இரு கைகளாலும் பிடித்து நிற்கும் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தக் கலம். இதன் வேகச் சாதனை வரலாற்றைப் பலகைகளின் வரலாறாகவும் வீரர்களின் வரலாறாகவும் எழுதுவது வழக்கம். ஆனால் சாதனைகள் நிகழ்ந்த இடங்களையும் நாள்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், அது அதே அளவுக்கு வானிலையின் வரலாறாகவும், வானிலையை முன்கூட்டி அறிய மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறாகவும் இருப்பது புலப்படும். வேகத்துக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தேவைகள் உண்டு: காற்று புயலளவு பலமாக இருக்க வேண்டும், நீரோ அலையின்றித் தட்டையாக இருக்க வேண்டும். பலமான காற்று அலையை எழுப்பும் என்பதால் இவ்விரண்டும் ஒரே இடத்தில் கூடும் கரைகள் உலகில் மிகச் சிலவே. அப்படிப்பட்ட கரையிலும் அவை எந்த நாளில், எந்த மணி நேரத்தில் கூடும் என்பதை முன்னறிவிப்பைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருந்தது.

பாய்ப்பலகையின் பிறப்புக்கு உரிமை கொண்டாடியவர்கள் பலர். இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவர் 1958-இலேயே அத்தகைய பலகையொன்றைச் செய்து ஓட்டியதை ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-இல் ஒரு காப்புரிமை வழக்கில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி 1964-இல் தம் வடிவத்தை உருவாக்கினார். கலிஃபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஷ்வைட்சரும் 1968-இல் விண்ணப்பித்து 1970-இல் பெற்ற காப்புரிமையே இதை உலகெங்கும் விற்பனைக்குக் கொண்டுசென்றது. தொடக்கத்தில் இது கோடைக்கால இளங்காற்றுக்கான பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. அதைப் புயலுக்குள் கொண்டுபோகும் எண்ணம் பின்னர் இங்கிலாந்தின் தென்கரையில் உருவானது.

டோர்செட் மாவட்டத்தில் வேமத் நகரை ஒட்டியுள்ள போர்ட்லாந்து துறைமுகம், பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டது. அதன் முதல் அலைதடுப்புச் சுவர்கள் 1849-இல் தொடங்கிக் கைதிகளின் உழைப்பால் 1872-இல் முடிக்கப்பட்டன. அதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1972-இல், இங்கேயே வேமத் வேக வாரம் தொடங்கியது. பாய்க்கலங்களின் வேகத்தை அளந்து சான்றளிக்க, இன்று உலகப் பாய்வேகச் சாதனைக் குழு எனப்படும் அமைப்பும் அதே ஆண்டில் தோன்றியது. 500 மீட்டர் தொலைவைக் கடக்கும் சராசரி வேகமே சாதனைக்குரிய அளவு என விதி வகுக்கப்பட்டது. வேகத்தை நாட் என்னும் அலகில் குறித்தனர். மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், ஒரு நாட் ஆகும். முதல் ஆண்டில் டிம் கோல்மனின் கிராஸ்போ என்ற படகு 26.30 நாட் வேகத்தை எட்டியது. அவரது அடுத்த படகான இரண்டாம் கிராஸ்போ 1980-இல் 36.00 நாட் வரை சென்றது. அந்த ஆண்டுகளில் பாய்ப்பலகை இப்பெரும் படகுகளுக்கு வெகு பின்னால் நின்றது.

போர்ட்லாந்தைத் தேர்ந்தது தற்செயலன்று. துறைமுகத்தின் மேற்கே செசில் கரை எனப்படும் கூழாங்கல் திட்டு ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. போர்ட்லாந்து முனையில் அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குப் புயலின் அலைகள் இத்திட்டின் வெளிப்புறத்தில் மோதி உடைந்துவிட, காற்று மட்டும் திட்டைத் தாண்டி உட்புற நீர்மேல் இறங்குகிறது. திட்டை ஒட்டினாற்போலச் செல்லும் பலகைக்கு வெளியே கொந்தளிக்கும் கடலின் காற்று கிடைக்கிறது, அலை கிடைப்பதில்லை. பாய்ப்பலகை உச்ச வேகம் பெறுவது காற்று நேர்ப்பக்கவாட்டில் வீசும்போதன்று. சற்றே பின்பக்கத்திலிருந்து, காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 120 முதல் 140 பாகை விலகிச் செல்லும்போதுதான். செசில் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்வதால், தென்மேற்குக் காற்று அதன்மேல் குறுக்காக வீசுகிறது. அக்காற்று மேற்காகத் திரும்பும்போதுதான் கோணம் சிறப்பாக அமைகிறது. வடமேற்காகத் திரும்பிவிட்டாலோ, திட்டின் நீளவாக்கிலேயே வீசி அலையை வளர்த்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. வெதுவெதுப்பான காற்றைத் துரத்திக்கொண்டு வரும் குளிர்காற்றின் எல்லைக்கோட்டை வானிலையாளர் குளிர்முகப்பு என்பர். அம்முகப்பு கடந்து செல்லும் வேளையில் இத்திசை மாற்றம் முழுவதும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும். ஆகவே புயல் எந்த நாளில் வரும் என்பதை மட்டுமல்ல, முகப்பு எந்த மணிக்குக் கடக்கும் என்பதையும் அறிய வேண்டியிருந்தது.

அந்நாளைய முன்னறிவிப்பால் அதைச் சொல்ல இயலவில்லை. பிரித்தானியாவில் வானிலை முன்னறிவிப்பே புயற்சேதத்திலிருந்து பிறந்ததுதான். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி கரையில் உடைந்து 450-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, வானிலைத் துறையின் தலைவராக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய் தந்திவழிச் செய்திகளைத் தொகுத்து 1861-இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கைகளை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நாளிதழில் பொது முன்னறிவிப்பும் வெளிவந்தது. நூறாண்டுகளுக்குப் பின் 1970-களில் கணினிக் கணக்கீடு வந்துவிட்டபோதிலும், இரண்டு மூன்று நாள்களுக்கு அப்பால் அதை நம்புவோர் குறைவு. வேமத் அமைப்பாளர்கள் எனவே வேறொரு வழியை மேற்கொண்டனர்: முன்னறிவிப்பை நம்பாமல் நாட்காட்டியை நம்பினர். அட்லாண்டிக் தாழ்வு மண்டலங்கள் வலுப்பெறத் தொடங்கும் அக்டோபரில் ஒரு வாரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே குறித்துவிட்டு, அந்த வாரத்தில் புயல் வந்தால் சாதனை, வராவிட்டால் அடுத்த ஆண்டு என்று காத்திருந்தனர். வானிலையியல் பார்வையில் இது ஒரு சூதாட்டம்தான். ஆயினும் அன்றைய அறிவின் எல்லைக்குள் அதைவிட நேர்மையான ஏற்பாடு இருந்ததாகச் சொல்ல முடியாது.

1983 அக்டோபரில் அந்தச் சூதாட்டம் பலன் தந்தது. ஹவாயியைச் சேர்ந்த ஃபிரெட் ஹேவுட் 30.82 நாட் வேகம் கண்டு, பாய்ப்பலகையில் 30 நாட் எல்லையைத் தாண்டிய முதல்வரானார். அவரது பாய்மரம் வட்டக் குழாயாக இல்லாமல் விமான இறக்கையின் முன்விளிம்பைப் போல வடிவமைக்கப்பட்டிருந்தது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும் என்பதால், 40 நாட் காற்று 50 நாட்டாகும்போது பாயின்மீதான விசை ஒன்றரை மடங்குக்கு மேலாகிறது. அவ்விசையைத் தாங்கி நிற்பதற்கு வீரரிடம் இருப்பதோ தம் உடல் எடை மட்டுமே. வேக வீரர்களுள் கனத்த உடலினர் மிகுதியாக இருப்பதற்கும், சிலர் எடை கூட்டிய மேலாடை அணிவதற்கும் இதுவே காரணம். பாய் ஐந்து சதுர மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. பலகையின் அகலம் ஓரடியைவிடச் சற்றே கூடுதல் என்ற அளவுக்குக் குறுகியது. இவையெல்லாம் புயலில் மட்டுமே பயன்படக்கூடிய கருவிகள். மிதமான காற்றில் இப்பலகை வீரரின் எடையைத் தாங்காமல் நீருக்குள் அமிழ்ந்துவிடும். கருவி கூர்மையடைந்த அளவுக்கு, அது வானிலையின் தயவை மேலும் மேலும் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று.

எனவே நிலையற்ற புயலை விட்டுவிட்டு நிலையான காற்றைத் தேடும் போக்கும் அப்போதே தொடங்கியது. கானரித் தீவுகளுள் ஒன்றான ஃபுயர்டெவென்டுராவின் சோட்டவென்டோ கடற்கரையில், கோடைக்காலத்து வடகிழக்கு வணிகக்காற்று தீவின் ஒடுங்கிய கழுத்துப் பகுதியைக் கடக்கும்போது விரைவு கொண்டு, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அங்கே 1986 ஜூலையில் பிரெஞ்சு வீரர் பாஸ்கல் மாக்கா 38.86 நாட் எட்டி, இரண்டாம் கிராஸ்போவின் சாதனையை முறியடித்தார். எல்லாப் பாய்க்கலங்களுக்கும் பொதுவான உலகச் சாதனை ஒரு பாய்ப்பலகையின் கைக்கு வந்தது அதுவே முதல்முறை. பெரும் பொருட்செலவில் கட்டிய படகுகளைத் தனிமனிதர் ஒருவர் தாமே சுமந்து செல்லக்கூடிய கருவி வென்ற அந்த நாள், பாய்க்கல வரலாற்றில் இதுவரை பெற்றதைவிடக் கூடுதலான மதிப்பைப் பெறத்தக்கது.

ஆனால் வணிகக்காற்றுக்கு ஒரு வரம்பு உண்டு. மேலும் பத்து நாட் வேகத்தைத் தேடியவர்கள் மீண்டும் புயற்காற்றிடமே திரும்பினர். பிரான்சின் தென்கரையில் ரோன் ஆற்றின் கழிமுகமான கமார்க் சதுப்புநிலத்தில் சேன்த் மரீ த லா மேர் என்ற சிற்றூர் உள்ளது. ஸ்பெயினை ஒட்டிய பகுதியில் உயரழுத்தமும் இத்தாலியின் ஜெனோவா வளைகுடாவில் தாழ்வழுத்தமும் ஒருங்கே அமையும்போது, ஆல்ப்ஸ் மலைக்கும் மத்திய பிரெஞ்சு மேட்டுநிலத்துக்கும் இடையிலுள்ள ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் குளிர்ந்த வடக்குக் காற்று பீறிட்டுப் பாய்கிறது. மிஸ்ட்ரல் எனப்படும் இக்காற்று குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நாள்கணக்கில் வீசக்கூடியது. அதன் வருகையை ஊகிக்க மத்தியதரைக் கடல் வானிலையாளர்களிடம் ஓர் எளிய கணக்கு வழங்கிவந்தது: மேற்கே பெர்பிஞான் நகருக்கும் கிழக்கே நீஸ் நகருக்கும் இடையே காற்றழுத்த வேறுபாடு 6 மில்லிபாரைத் தொட்டால் மிஸ்ட்ரலை எதிர்பார்க்கலாம் என்பது அது.

இவ்வூரின் கடற்கரையில், சாதனைக்கென்றே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய கால்வாயொன்று தோண்டப்பட்டது. செசில் கரையில் இயற்கை செய்துவைத்ததை இங்கே மண்வாரி இயந்திரம் செய்தது. கால்வாய் மிகவும் ஒடுங்கியிருப்பதால், அதன் குறுக்கே வீசும் காற்றுக்கு அலை எழுப்பப் போதிய நீர்ப்பரப்பே கிடைப்பதில்லை. இங்கு 1988 நவம்பரில் எரிக் பீல் 40.48 நாட் எட்டி, பாய்க்கலங்களுக்குள் 40 நாட் கடந்த முதல்வரானார். 500 மீட்டரை அவர் கடந்தது ஏறத்தாழ 24 நொடிகளில். தியெரி பிலாக் 1993 ஏப்ரலில் அதை 45.34 நாட்டாக உயர்த்தினார். ஒவ்வோர் ஓட்டமும் எப்படி அமைந்தது என்பதைச் சற்று அருகிலிருந்து காண்பது தகும். வீரர் கால்வாயின் தலைமாட்டில் நின்று, வலுத்த வீச்சொன்று வருவதை உணர்ந்ததும் இடுப்புக் கச்சையின் கொக்கியைப் பாயின் கயிற்றில் மாட்டி, உடல் முழுவதையும் காற்றுப்பக்கம் சாய்த்துப் புறப்படுகிறார். சில நொடிகளில் பலகையின் முன்பகுதி முழுவதும் மேலெழுந்து, கால்கள் நிற்கும் பின்முனையின் ஒரு சிறு பரப்பும் அடியிலுள்ள சிறகும் மட்டுமே நீரைத் தொடுகின்றன. காற்றுப்பக்கக் கரை கைக்கெட்டும் தொலைவில் பறக்கிறது. அக்கரையை நெருங்கிச் செல்லுமளவுக்கு நீர் தட்டையாக இருக்கும் என்பதால் யாரும் விலகிச் செல்வதில்லை. அடியிலுள்ள சிறகைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டால் அது நீரைப் பற்றும் ஆற்றலை இழந்துவிடும். பலகை பக்கவாட்டில் சறுக்கும். இருபத்தைந்து நொடிக்கும் குறைந்த அந்த நேரத்தில் காற்று ஒருமுறை தளர்ந்தாலும் சராசரி வேகம் வீழ்ந்துவிடும் என்பதால், பல நாள் காத்திருப்பின் பயன் இரண்டு மூன்று வீச்சுகளின் ஒழுங்கைச் சார்ந்திருந்தது.

இதே காலத்தில்தான் முன்னறிவிப்பின் நம்பகம் வெளிப்படையாகக் கேள்விக்குள்ளானது. 1987 அக்டோபர் 15 நள்ளிரவுக்குப் பின் தென்கிழக்கு இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலின் கடுமையைப் பிரித்தானிய முன்னறிவிப்புகள் உரிய நேரத்தில் உணர்த்தத் தவறின. அந்நாட்டில் 18 பேர் உயிரிழந்தனர். அமெரிக்க வானிலையறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-இலேயே விளக்கியிருந்தபடி, தொடக்கநிலைத் தரவில் உள்ள மிகச் சிறு பிழையும் நாள்கள் செல்லச்செல்லப் பெருகி முடிவையே மாற்றிவிடும். இதற்கு மாற்றாக உருவானதே குழும முன்கணிப்பு. ஒரே கணக்கை ஒரு முறை மட்டும் செய்யாமல், தொடக்கத் தரவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முறை செய்து, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கொண்டு நம்பகத்தை மதிப்பிடும் முறை இது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் இருந்த ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை முன்கணிப்பு மையம் 1992 இறுதியில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புயலைத் தேடியவர்களுக்கு இதனால் கிடைத்தது உறுதி அன்று, உறுதியின்மையின் அளவு. ஒரு வாரத்துக்குப் பின் வரக்கூடிய காற்றுக்காக வேலையை விட்டுப் பயணப்படலாமா என்பதை எடைபோட அதுவே பேருதவியாயிற்று.

1993 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சாண்டி பாயின்ட் என்னுமிடத்தில் எல்லோ பேஜஸ் எண்டெவர் என்ற கலம் 46.52 நாட் எட்டிப் பொதுச் சாதனையைப் பாய்ப்பலகையிடமிருந்து பறித்தது. விறைப்பான இறக்கைப் பாய் பூண்ட அக்கலத்துக்குப் புயல் தேவைப்படவில்லை. மிதமான காற்றே போதுமானதாக இருந்தது. அச்சாதனை பதினோர் ஆண்டுகள் நிலைத்தது. அதை 2004 நவம்பரில் 46.82 நாட் கொண்டு மீட்டவர் ஃபினியன் மேனார்ட். 2005 ஏப்ரலில் அவரே 48.70 நாட்டை எட்டினார். 2008 மார்ச்சில் ஆன்டுவான் அல்போ 49.09 நாட் கண்டார். மூன்றும் நிகழ்ந்தது கமார்க் கால்வாயில். இந்நாள்களை உற்றுநோக்குவோர்க்கு ஓர் உண்மை தெளிவாகும்: பீல் முதல் அல்போ வரை அக்கால்வாயில் பெற்ற பெருஞ்சாதனைகள் அனைத்தும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்டவை. வேமத்தைப் போல ஒரு வாரத்தைக் குறித்து வைக்காமல், பருவம் முழுவதும் ஆயத்தமாக இருந்து, அழுத்த வரைபடம் நம்பிக்கை தரும்போது வீரர்களும் நேரக்கணிப்பாளர்களும் கூடுவது என்ற முறை இங்கே வேரூன்றியதன் விளைவு அது.

ஆயினும் 50 நாட் எல்லையைக் கமார்க் கடக்கவில்லை. 2008 அக்டோபரில் நமீபியாவின் லூடரிட்ஸ் நகரத்துக் கழியில் பட்டத்தால் இழுக்கப்படும் பலகையில் செபாஸ்டியன் காட்டலான் 50.26 நாட் எட்டி அப்பெருமையைக் கைப்பற்றினார். பின்னர் அக்கழியில் தோண்டிய கால்வாய்க்குப் பாய்ப்பலகை வீரர்களும் சென்றனர். 2015 நவம்பரில் அல்போ அங்கே கண்ட 53.27 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 98.7 கிலோமீட்டர், பாய்ப்பலகை வரலாற்றின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. லூடரிட்ஸின் காற்று புயலுக்கு உரியதன்று. தென் அட்லாண்டிக்கின் உயரழுத்தம் ஒருபுறம். பெங்குவேலா நீரோட்டத்தால் குளிர்ந்த கடலும் வெயிலில் கொதிக்கும் நமீப் பாலைவனமும் அடுத்தடுத்து இருப்பதால் உண்டாகும் அழுத்த வேறுபாடு மறுபுறம். இரண்டும் சேர்ந்து, தென்கோளத்தின் வசந்த மாதங்களில் நண்பகலுக்குப் பின் நாள்தோறும் தெற்கிலிருந்து கடுங்காற்றை எழுப்புகின்றன. இன்று தவறினால் நாளை என்று சொல்லக்கூடிய அந்த ஒழுங்கே சாதனைக்கு வழிவகுத்தது. முன்னறிவிப்பின் நிலையின்மையை வென்றது நுட்பமான கணினி அன்று; முன்னறிவிப்பே அவ்வளவாகத் தேவைப்படாத ஒரு கரையைக் கண்டுபிடித்ததுதான் என்று இதைச் சொல்வது பொருந்தும்.

புயலைத் தேடும் வழக்கம் இதனால் மறைந்துவிடவில்லை. சான்றளிக்கப்பட்ட சாதனையாளர்களிடமிருந்து சாதாரண ஆர்வலர்களிடம் அது இடம்பெயர்ந்தது. அதற்குக் காரணம் ஓர் அரசாணை. புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்களின் பொதுப்பயன் குறிகைகளில் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன்பின் கையில் கட்டும் ஜி.பி.எஸ். கருவியே வேகத்தை நம்பத்தக்க முறையில் அளக்கலாயிற்று; கருவியும் செயற்கைக்கோளும் ஒன்றுக்கொன்று நகர்வதால் குறிகையின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணிக்கும் டாப்ளர் முறை அளவீட்டை மேலும் துல்லியமாக்கியது. குறித்த 500 மீட்டர் தடமும் நேரக்கணிப்பாளரும் இனித் தேவையில்லை. பத்து நொடிச் சராசரி, ஒரு கடல் மைல் சராசரி, ஒரு மணி நேரச் சராசரி என்று எந்த நீரிலும் அளந்து ஒப்பிடலாம். இங்கிலாந்தின் டீ ஆற்று முகத்துவாரத்தில் வெஸ்ட் கிர்பி ஊரின் சுவர் சூழ்ந்த கடல்நீர்க் குளம் போன்ற இடங்கள், பெரும் புயலெச்சரிக்கை வரும் நாள்களில் ஆர்வலர்கள் கூடும் தடங்களாயின. துறைமுகத்தில் பிற கலங்கள் கட்டிக் கிடக்க, இவர்கள் அதே எச்சரிக்கையைப் படித்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். ஃபிட்ஸ்ராய் உயிர்காக்க ஏற்படுத்திய செய்திமுறைக்கு இது நேரெதிரான பயன்பாடு. கரைக்கு அருகிலேயே, இடுப்பளவு நீரில், துணையோடு ஓட்டுவதை வேக வீரர்கள் வழக்கமாக்கிக்கொண்டதை இதோடு சேர்த்துக் கருதினால்தான் அவர்களைச் சரியாக மதிப்பிட முடியும்.

முன்கணிப்பும் இதற்கிடையே வளர்ந்தே வந்துள்ளது. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் அதன் நம்பகமான வீச்சு நீண்டிருப்பதாக வானிலையாளர்கள் மதிப்பிடுகின்றனர். ஐந்து நாள் முன்னதாகவே ஒரு தாழ்வு மண்டலத்தின் போக்கைக் காண்பது இன்று இயல்பாகிவிட்டது. ஆனால் வேகச் சாதனைக்கு வேண்டியது தாழ்வு மண்டலத்தின் போக்கு மட்டுமன்று. ஒரு குறிப்பிட்ட திட்டின் ஓரத்தில், ஒரு குறிப்பிட்ட மணியில், காற்று பத்துப் பாகை எப்பக்கம் திரும்பியிருக்கும் என்பதும்தான். ஐரோப்பிய மையத்தின் முதன்மைக் கணினி மாதிரி 2016 முதல் உலகை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கமார்க்கின் கால்வாய் முழுவதும் அத்தகைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக் கூடியது.